கைக்கடிகாரம் அளந்த இதயத்துடிப்பு: எவ்வளவு நம் கைக்கு வரும்?

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலை நாம் கேட்டுப் பெறலாம் என்கிறது சட்டம். சரி, கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்ச் இரவும் பகலும் அளந்து குவிக்கிற இதயத்துடிப்புக் கணக்கு? அதையும் ‘என்னுடையதைக் கொடு’ என்று மொத்தமாக வாங்கிவிடலாமா?

கொஞ்சம் வாங்கலாம், கொஞ்சம் முடியாது. சட்டம் வருவதற்கு வெகுமுன்பே ஒரு பட்டனைத் தட்டி எடுக்க முடிந்தவை உண்டு. சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்த பிறகும் கிடைக்கப்போகாதவையும் உண்டு. டேட்டா என்ற ஒரே சொல்லால் நாம் நாலு வெவ்வேறு சரக்குகளைக் குறிக்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

## முதலில், எதை அளக்கிறார்கள்?

ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் இதயத் தசையில் ஒரு மின் அலை பரவும். மார்பில் கட்டும் பட்டையும் ஆஸ்பத்திரியில் ஒட்டும் மின்முனைகளும் அதைத் தோல்வழியே பிடிக்கின்றன. அதுதான் ஈசிஜி. கடிகாரத்தின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கின் வழி வேறு. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். இதற்குப் பிபிஜி என்று பெயர். ஈசிஜி மின்சாரத்தைப் பார்க்கிறது, பிபிஜி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. 2018இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4 முதல், பக்கத்துக் குமிழில் விரலை வைத்து 30 நொடி ஈசிஜியும் எடுக்க முடிகிறது. மற்ற நேரமெல்லாம் ஒளி வழிதான்.

எந்த வழியில் அளந்தாலும், அளந்தது நாலு அடுக்காக மாறுகிறது:

1. மூல அலை. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை எடுத்த அளவுகளின் வரிசை. நொடிக்கு 130 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1 கோடியே 12 லட்சம் எண்கள்.
2. துடிப்பு இடைவெளி. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மில்லிநொடி என்பது. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் எண்கள்.
3. துடிப்பு வீதம். நிமிடத்துக்கு 72, 75, 81 என்று திரையில் தெரிவது. நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 1,440 எண்கள்.
4. தீர்ப்பு. ‘சீரற்ற துடிப்பு’, ‘மன அழுத்தம் அதிகம்’, ‘தூக்கம் 68 மதிப்பெண்’. ஒரு சொல் அல்லது ஓர் எண்.

நெல், அரிசி, மாவு, இட்லி என்று வைத்துக்கொள்ளலாம். மேலே போகப் போக அளவு சுருங்குகிறது, நிறுவனத்தின் கைப்பக்குவம் கூடுகிறது. நெல் கையில் இருந்தால் இட்லி வரை நாமே போகலாம். இட்லியிலிருந்து நெல்லுக்குத் திரும்ப வழியில்லை.

## சராசரி எதை விழுங்குகிறது

மூன்றாம் அடுக்கு போதாதா, 75 என்று தெரிந்தால் சரிதானே என்று தோன்றலாம். இரண்டு பேரின் ஐந்தைந்து துடிப்பு இடைவெளிகளை, விளக்கத்துக்காகக் கற்பனையாக, மில்லிநொடியில் எழுதிப் பார்ப்போம்.

முதலாமவர்: 790, 805, 798, 807, 800.
இரண்டாமவர்: 610, 1020, 700, 940, 730.

தனித்தனியே கூட்டினால் இருவருக்கும் 4,000 வரும். சராசரி 800. அதாவது நிமிடத்துக்கு 75 துடிப்பு. கடிகாரத் திரையில் இருவருக்கும் ஒரே எண்தான். ஆனால் முதலாமவரின் இதயம் தாளம் தப்பாமல் அடிக்கிறது, இரண்டாமவருடையது தாறுமாறாக அடிக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பைச் சந்தேகிக்க வைப்பது இந்தத் தாறுமாறுதான். கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரை இட்டுச்செல்லக்கூடிய கோளாறு அது. இதை உறுதிப்படுத்த மருத்துவர் முதல் அடுக்குக்கே போவார், ஈசிஜி அலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பார்.

நாலாம் அடுக்கை மட்டும் கையில் வைத்திருப்பதில் என்ன சிக்கல் என்பதற்கு ஆப்பிளும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வு நல்ல உதாரணம். முடிவுகள் 2019 நவம்பரில் வெளியாகின. கலந்துகொண்டவர்கள் 4,19,297 பேர். ‘உங்கள் துடிப்பு சீராக இல்லை’ என்ற எச்சரிக்கை 2,161 பேருக்கு, அதாவது 0.52 விழுக்காட்டினருக்கு வந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஈசிஜி ஒட்டுப்பட்டை அனுப்பினார்கள். அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் ஆய்வுக்குத் தகுதியான பதிவு கிடைத்தது 450 பேருக்கு. அதில் 34 விழுக்காட்டினரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தெரிந்தது.

அப்படியானால் மற்றவர்களுக்கு வந்தது பொய் எச்சரிக்கையா? அப்படிச் சொல்ல முடியாது. இந்தக் கோளாறு வந்து வந்து போகும். எச்சரிக்கை வந்த அன்று இருந்தது, பட்டை ஒட்டிய அன்று இல்லாமல் போயிருக்கலாம். பட்டை உடம்பில் இருக்கும்போதே கடிகாரமும் எச்சரித்த தருணங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அங்கே 84 விழுக்காடு ஒத்துப்போனது. ஒரே நேரத்தில் தீர்ப்பும் அலையும் அருகருகே இருந்ததால்தான் அந்த ஒப்பீடு சாத்தியமானது. வீட்டில் நமக்கு வருவதோ தீர்ப்பு மட்டும்.

## மார்புப் பட்டை: பூட்டு இல்லாத கதவு

ஓட்டக்காரர்களும் சைக்கிள்காரர்களும் கட்டும் மார்புப் பட்டை பார்க்கச் சாதாரணம். டேட்டா எடுக்கும் விஷயத்தில் விலையுயர்ந்த பல கடிகாரங்களைவிடத் தாராளம். புளூடூத் கருவிகளுக்கான தொழில்துறை அமைப்பு 2011இல் இதயத்துடிப்புக்கென்று ஒரு பொது விதிமுறையை வகுத்தது. பட்டையைச் செய்தவர் யாராக இருந்தாலும் தகவலை இன்ன வரிசையில் அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். எவரும் படிக்கலாம். அதனால்தான் ஒரு நிறுவனத்தின் பட்டை இன்னொருவர் செயலியோடும் உடற்பயிற்சிக் கூடத்து டிரெட்மில்லோடும் பேசுகிறது.

பட்டை அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்திலும் முதல் பைட், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் சீட்டு. அடுத்து துடிப்பு வீதம். அப்புறம், பட்டைக்கு அந்த வசதி இருந்தால், துடிப்பு இடைவெளிகள். ஆக இரண்டாம் அடுக்கும் மூன்றாம் அடுக்கும் யாருடைய சர்வரையும் தொடாமல் நேரே போனுக்கு வந்துவிடுகின்றன.

இங்கே புதிதாக நிரல் எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விதிமுறைப்படி இடைவெளி மில்லிநொடியில் வராது. ஒரு நொடியை 1,024 பங்காக்கி, அந்தப் பங்குக் கணக்கில் வரும். 800 மில்லிநொடி இடைவெளி 819 என்று வந்து சேரும். அதை அப்படியே மில்லிநொடி என்று எடுத்துக்கொண்டால் 75 துடிப்பு 73 ஆகிவிடும். 1,024ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்க வேண்டும்.

ஃபின்லாந்தின் கெம்பெலேயில் 1977இல் தொடங்கிய போலார் நிறுவனம் 1982லேயே கம்பியில்லா இதயத்துடிப்புமானியை விற்றது. அதன் எச்10 பட்டை ஒரு படி மேலே, நம் கணக்கில் ஒரு படி கீழே, போகிறது. நிரலாளர்களுக்கு இலவசமாகத் தரும் மென்பொருள் தொகுப்பு வழியாக நொடிக்கு 130 முறை எடுத்த ஈசிஜி அலையையே வாங்கலாம். இதயத்தைப் பல கோணங்களில் பார்க்கும் மருத்துவமனையின் 12 தட ஈசிஜிக்கு இது ஈடாகாது, இங்கே தடம், அதாவது கோணம், ஒன்றுதான். ஆனால் நெல் நம் வீட்டுக்கே வருகிறது.

பூட்டில்லாத கதவுக்கு மறுபக்கமும் உண்டு. பட்டை மார்பில் இருக்கும்போது பக்கத்து டிரெட்மில்காரரின் போனும் அதோடு இணைந்து உங்கள் துடிப்பைப் படிக்க முடியும். பெரும்பாலான பட்டைகள் கடவுச்சொல் கேட்பதில்லை.

## கடிகாரம்: எக்ஸ்போர்ட் பட்டன் தருவது

ஐபோனில் ஹெல்த் செயலியைத் திறந்து, உங்கள் படத்தைத் தட்டி, கடைசி வரை இறங்கினால் எல்லா டேட்டாவையும் எக்ஸ்போர்ட் செய்யும் வசதி இருக்கும். வருவது ஒரு ஜிப் ஃபைல். உள்ளே பெரிய எக்ஸ்எம்எல் ஃபைல் ஒன்று, சில வருடம் கடிகாரம் கட்டியவருக்கு அது நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும். எக்செலில் திறக்கப் பார்த்து கணினி திணறுவது வழக்கம். மூன்றாம் அடுக்கு முழுவதும் அதில் இருக்கிறது. இடைவெளிகள் எவ்வளவு மாறுகின்றன என்று பார்க்க, கடிகாரம் அவ்வப்போது ஒரு நிமிடச் சொச்சம் எடுக்கும் துடிப்பு மாறுபாட்டுப் பதிவுகளுக்குள் தேடினால், அந்த நேரத்துக்கு மட்டும் துடிப்புக்குத் துடிப்பு வீதமும் கிடைக்கும். இரண்டாம் அடுக்கின் சிறு ஜன்னல்.

ஈசிஜிக்குத் தனி ஃபோல்டர். ஒவ்வொரு 30 நொடிப் பதிவும் ஒரு சிஎஸ்வி ஃபைலாக, நொடிக்குச் சுமார் 512 அளவு என்ற கணக்கில் 15,000க்கும் மேற்பட்ட எண்களோடு இருக்கும். இது முதல் அடுக்கேதான். மருத்துவருக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் வெறும் படம்தான் இருக்கிறது, இதில் எண்களே இருக்கின்றன. ஆனால் பிபிஜியின் மூல அலை, அதாவது கடிகாரம் ஒளி வழியாக எடுப்பது, எக்ஸ்போர்ட்டில் கிடையாது. அனுமதி பெற்ற ஆராய்ச்சிகளுக்கு மட்டும் ஆப்பிள் அதற்கு வழி வைத்திருக்கிறது. உடம்பு நம்முடையது, விளக்கு நாம் வாங்கியது, அலை மட்டும் ஆராய்ச்சியாளருக்கு என்பது விசித்திரமான ஏற்பாடுதான்.

ஃபிட்பிட்காரர்களுக்குக் கூகுளின் டேக்அவுட் வழி. நாளுக்கு ஒரு ஃபைலாக, சில நொடிகளுக்கு ஒரு துடிப்பு வீதம் என்று வரும். ஒவ்வோர் எண்ணோடும் அதை எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பும் இணைந்திருக்கும். இதை நான் மெச்சுகிறேன். அளவு சந்தேகமானது என்று கருவியே ஒப்புக்கொள்வது அரிது. கார்மின் கடிகாரங்கள் ஃபிட் என்ற தங்கள் வடிவத்தில் எழுதுகின்றன. அதன் விளக்கத்தைப் பொதுவில் வைத்திருப்பதால் படிக்க நிரல்கள் ஏராளம்.

ஷியோமி, அமேஸ்ஃபிட் போன்ற கைப்பட்டைகளுக்கு ஆண்ட்ராய்டில் கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற திறமூலச் செயலி உண்டு. நிறுவனத்தின் செயலிக்குப் பதிலாக இதையே பட்டையோடு இணைக்கலாம். டேட்டா கிளவுடுக்குப் போகாமல் போனிலேயே தங்கும். புதிய மாடல்கள் பலவற்றுக்கு முதலில் ஒருமுறை நிறுவனத்தின் கணக்கு வழியாக ஒரு ரகசியச் சாவியை எடுத்தாக வேண்டும். கொஞ்சம் பொறுமை தேவைப்படும் வேலை.

எடுத்த ஃபைலைப் படிக்கும்போது மூன்று எச்சரிக்கைகள்:

1. நேரம். சில ஃபைல்களில் நேரம் கிரீனிச் கணக்கில் இருக்கும். இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டாவிட்டால், காலை ஆறு மணி ஓட்டம் நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு இதயம் படபடத்ததாகத் தெரியும்.
2. இடைவெளி. எண் இல்லாத பத்து நிமிடம் என்றால் கடிகாரம் அளக்கவில்லை என்று அர்த்தம். பட்டி தளர்ந்திருக்கலாம், சார்ஜில் இருந்திருக்கலாம்.
3. ஓட்டம். ஓடும்போது பச்சை விளக்கு சில சமயம் ரத்தத்தின் தாளத்தை விட்டுவிட்டுக் கால் அடியின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். துடிப்பு 170 என்று அசையாமல் நின்றால், அது நிமிடத்துக்கு எத்தனை அடி வைத்தீர்கள் என்பதாகவும் இருக்கலாம்.

## ஆஸ்பத்திரி மாட்டிவிடும் ஹோல்டர்

அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் 1940களில் முதுகில் சுமந்து செய்து காட்டிய கருவியின் எடை சுமார் 38 கிலோ. இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் ஈசிஜிப் பதிவுக் கருவி சட்டைப்பைக்குள் அடங்கும். 24 மணி நேரம் மாட்டிக்கொண்டு, மறுநாள் திருப்பிக் கொடுத்தால், கையில் கிடைப்பது சில பக்க ரிப்போர்ட்: குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி, சந்தேகமான சில இடங்களின் ஈசிஜித் துண்டு, மருத்துவரின் முடிவு. மூன்றாம் நாலாம் அடுக்குகள், முதல் அடுக்கிலிருந்து சில நொடிகள்.

முழு அலை எங்கே? மூன்று தடம், நொடிக்கு 250 அளவு, அளவுக்கு 2 பைட் என்று கணக்குப் போட்டால் ஒரு நாள் பதிவு சுமார் 130 எம்பி. சாதாரணப் பென்டிரைவில் போட்டுத் தந்துவிடலாம். தருவதில் இருக்கும் தடை இடம் அல்ல, வடிவம். பதிவு அந்தக் கருவி நிறுவனத்தின் மென்பொருள் மட்டும் படிக்கிற வடிவத்தில் இருக்கும். இடிஎஃப், டைகாம் போன்ற பொது வடிவங்களில் மாற்றித் தரும் வசதி சில மென்பொருள்களில் உண்டு, ஆனால் கேட்டால்தான் யாராவது தேடிப் பார்ப்பார்கள்.

இந்தியாவில் இதற்குக் கைகொடுப்பது பழைய விதி ஒன்று. 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளி தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும். ரிப்போர்ட்டுக்கு இது தெளிவாகப் பொருந்தும். மூல அலையும் ஆவணம்தானா என்று விதி வாய் திறக்கவில்லை. ஆவணம் என்றாலே காகிதம் என்று நினைத்த காலத்து விதி.

## சட்டங்கள் எந்த அடுக்கைப் பற்றிப் பேசுகின்றன

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் வழியாக நோயாளி தன் பதிவுகளைக் கேட்கலாம், 30 நாளில் தர வேண்டும். ஆனால் அது ஆஸ்பத்திரிகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவது. கடையில் கடிகாரம் விற்கும் நிறுவனம் பொதுவாக அதற்குள் வராது.

அங்கே இன்னொரு சண்டையும் நடந்தது. ஹ்யூகோ காம்போஸ் என்பவரின் நெஞ்சுக்குள், தாளம் தப்பும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியிருந்தார்கள். கருவி அவர் உடம்புக்குள், ஆனால் அது அனுப்பும் தகவல் நிறுவனத்துக்கும் அங்கிருந்து மருத்துவருக்கும் போனதே தவிர அவருக்கு வரவில்லை. தானே பூட்டை உடைத்துப் படிக்கலாம் என்றால் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நின்றது. டிஜிட்டல் பூட்டை உடைப்பது 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. அவரும் வேறு சிலரும் விலக்கு கேட்டார்கள், 2015இல் கிடைத்தது. அப்போது உடம்புக்குள் வைக்கும் கருவிகளுக்கு மட்டும்தான். 2021இல் அந்த வரம்பை நீக்கினார்கள், உடம்பின் மேல் அணியும் மருத்துவக் கருவிகளும் உள்ளே வந்தன. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த விலக்கு இருப்பதால் உடைப்பவர் சட்டத்தை மீறியவர் ஆகமாட்டார், அவ்வளவுதான். திறந்து கொடு என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தாது.

ஐரோப்பாவில் கதை வேறு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் தரவைக் கணினி படிக்கும் வடிவில் எடுத்துப்போகும் உரிமையைத் தருகிறது. அதற்காகத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் கூட்டுக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல், அணியும் கருவி பதிந்த இதயத்துடிப்பையே உதாரணமாகச் சொல்கிறது. அது பயனர் தந்த தரவாகக் கருதப்படும், கேட்டால் தர வேண்டும். அதை வைத்து நிறுவனம் கணித்த உடல்நல மதிப்பீடு இந்த உரிமைக்குள் வராது. கீழ் அடுக்குகள் உங்களுக்கு, மேல் அடுக்கு அவர்களுக்கு. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுச் சட்டமும் இணைய வசதியுள்ள கருவிகளுக்கு இதே கோட்டைத்தான் கிழிக்கிறது.

இந்தியச் சட்டம்? 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நம்மைப் பற்றி வைத்திருக்கும் தனிநபர் தரவின் சுருக்கத்தையும், அதை வைத்து என்ன செய்கிறார்கள், யாரோடு பகிர்ந்தார்கள் என்பதையும் கேட்கும் உரிமையைத் தருகிறது. இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சேவை வழங்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். இந்தப் பகுதி உடனே அமலாகவில்லை. விதிகள் வெளியாகி 18 மாதம் கழித்து, 2027 மே வாக்கில்தான் வரும்.

‘சுருக்கம்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் இதயத்துடிப்பு, தூக்கம், இருப்பிடம் ஆகியவற்றை வைத்திருக்கிறோம் என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு நிறுவனம் கடமை முடிந்தது என்று வாதிட இடமிருக்கிறது. 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்த முந்தைய மசோதாவில், தரவைக் கணினி படிக்கும் வடிவில் பெற்று எடுத்துப்போகும் உரிமை இருந்தது. 2022இல் அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள், அடுத்து வந்த சட்டத்தில் அந்த உரிமை காணாமல் போனது. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பெரிய இழப்பு இதுதான். அபராதத் தொகை 250 கோடி வரை போவதைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசவில்லை.

## கேட்பதென்றால் எப்படிக் கேட்பது

1. வாங்கும் முன். ‘டேட்டா எக்ஸ்போர்ட் உண்டா’ என்று கேட்டால் எல்லாக் கடையிலும் உண்டு என்பார்கள். துடிப்பு இடைவெளி வருமா, ஈசிஜி எண்களாக வருமா வெறும் பிடிஎஃப் படமாக வருமா, சந்தா நின்றால் பழைய பதிவு திறக்குமா என்று கேளுங்கள். புளூடூத்தின் பொது விதிமுறைப்படி துடிப்பை ஒளிபரப்பும் வசதி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

2. ஹோல்டர் மாட்டும் நாளில். கழற்றிய பிறகு கேட்பதைவிட மாட்டும்போதே டெக்னீஷியனிடம், முழுப் பதிவும் இடிஎஃப் போன்ற பொது வடிவில் வேண்டும் என்று சொல்லி வைப்பது எளிது. அடுத்த நோயாளிக்குக் கருவி போவதற்குள் மெமரி கார்டை அழித்துவிடுவார்கள்.

3. நிறுவனத்துக்கு எழுதும்போது. ‘என் டேட்டா எல்லாம்’ என்று எழுதாமல் அடுக்கைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, துடிப்பு இடைவெளிகள், நேரக் குறிப்போடு, சிஎஸ்வி வடிவில். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகவே பதில் வரும்.

4. மருத்துவரிடம் போகும்போது. ஆறு மாத எக்ஸ்எம்எல் ஃபைலைக் கொண்டுபோய்ப் பயனில்லை, அதைப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, மென்பொருளும் இல்லை. படபடப்பு வந்த நேரத்தில் எடுத்த ஈசிஜித் துண்டு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற ஒரு வரி, இரண்டும் போதும். நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆப்பிளின் ஈசிஜி வசதியே மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று திரையில் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது.

5. பிறரோடு பகிரும் முன். ஆப்பிள் தரும் ஈசிஜி சிஎஸ்வி ஃபைலை ஏதாவது டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். எண்கள் தொடங்குவதற்கு முன்னால் மேலே சில வரிகளில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். ஆராய்ச்சிக்கோ இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பகுப்பாய்வுக் கருவிக்கோ கொடுப்பதாக இருந்தால், அந்த இரண்டு வரிகளை அழித்துவிட்டு அனுப்புங்கள்.